சிலுவைராஜ் வீட்டு ரேடியேட்டர்

இரும்பு வெதுவெதுப்பாக இருந்தது.

சலோமி முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சித்திரை மாதத்தில் காரைக்காலில் காலை பத்து மணிக்கே ரோட்டுத் தார் செருப்பில் ஒட்டும். வெயிலில் கிடக்கும் இரும்பு சுடத்தான் செய்யும். ஆனால் இது வெயிலில் கிடக்கவில்லை. ஹாலைத் தாண்டி, வெளிச்சம் எட்டாத உள்ளறையில், சுவரோரமாக நான்கு குட்டைக் கால்களில் நின்றுகொண்டிருந்தது. தரையைத் தொட்டாள், சில்லென்றிருந்தது. சுவரைத் தொட்டாள், அதுவும் அப்படித்தான். இரும்பு மட்டும் காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றி மாதிரி, லேசான ஈரத்தோடு வெதுவெதுவென்றிருந்தது.

கையை எடுத்து, சேலைக்கு மேல் போட்டிருந்த கணவன் வில்சனின் பழைய முழுக்கைச் சட்டையில் துடைத்துக்கொண்டாள். சார்ஜ் விளக்கைத் தரையில் வைத்து நன்றாகப் பார்த்தாள். இடுப்புயரத்துக்குப் பதினொரு இரும்புத் தூண்கள் நெருக்கமாக நின்றன. உள்ளே பொள்ளல். மேலேயும் கீழேயும் ஒன்றோடொன்று சேர்த்து வார்த்திருந்தார்கள். தூணுக்குத் தூண் கொடியும் இலையுமாகப் புடைப்பு வேலை. குளிர் நாடுகளில் இதற்குள் வெந்நீரை ஓடவிட்டு வீட்டைச் சூடாக்குவார்களாம். லாரி ரேடியேட்டருக்கு அவள் பெயின்ட் அடித்திருக்கிறாள்; வீட்டுக்குள் நிற்கும் ரேடியேட்டரை இப்போதுதான் பார்க்கிறாள்.

வீட்டைப் புதிதாக வாங்கிய தஹ்ஸீன் அதைத் தங்கும் விடுதியாக மாற்றிக்கொண்டிருந்தார். கணவர் துபாயில், கட்டட வேலை முழுக்க இவர் பொறுப்பு. பழைய சாமான் எதையும் வெளியே போடக்கூடாது, எல்லாவற்றையும் புதுப்பித்து வைக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். ரேடியேட்டரை நான்கு பேர் சேர்ந்தும் அசைக்க முடியாததால் இருந்த இடத்திலேயே சுரண்டிப் பெயின்ட் அடிக்கச் சொல்லியிருந்தார்.

உண்மையில் வேலை வந்தது வில்சனுக்குத்தான். தை மாதம் வரிச்சிக்குடி அரிசி ஆலையில் ஏணி சரிந்து விழுந்ததிலிருந்து அவன் இடுப்பு பெல்ட்டும் கைத்தடியுமாகத் தருமபுரத்து வீட்டில் படுத்திருக்கிறான். பதினாறு வருஷமாக அவனுக்குச் சுரண்டிக் கொடுத்ததும் ப்ரைமர் அடித்ததும் சலோமிதான். ஆனாலும் நானே போய்ச் செய்கிறேன் என்று அவள் சொன்னபோது அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அந்த முதுகை நினைத்துக்கொண்டுதான் அவள் காலையில் ஸ்கூட்டியை எடுத்தாள். இந்த ஒரு வேலையை யார் உதவியும் இல்லாமல் முடித்துக் காட்டிவிட வேண்டும்.

வீட்டுக் காவலுக்கு மதார் சாகிப் இருந்தார். அறுபத்தைந்து வயது. இதே வீட்டில் பழைய முதலாளி சிலுவைராஜ் காலத்திலிருந்து இருப்பவர். அவள் கம்பி பிரஷ்ஷையும் சுரண்டித் தகட்டையும் எடுத்து வைக்கும்போது வாசற்படியில் நின்றபடி அவரே கதையை ஆரம்பித்தார். அறைக்குள் மட்டும் வரவில்லை.

சிலுவைராஜ் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். மனைவி டெல்பினோடு முப்பது வருஷம் பிரான்சில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பினார். அங்கே குடியிருந்த வீட்டின் சாமான்களில் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தது இந்த இரும்பு ஒன்றைத்தான். டெல்பினம்மாவுக்கு எப்போதும் குளிரும். கத்திரி வெயிலிலும் சால்வையைச் சுற்றிக்கொண்டு நடப்பார். அவருக்காகத்தான் கொண்டுவந்திருக்கிறார் என்று ஊரில் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் அந்தம்மா இந்த அறைப் பக்கமே வந்ததில்லை. அவர் அடுப்படியில் நிற்பார். சிலுவைராஜ் இங்கே தரையில் உட்கார்ந்து, இரும்பில் காதை வைத்துக்கொண்டு, மணிக்கணக்காக மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருப்பார். தெருச் சத்தம் இடைஞ்சல் என்று ஜன்னல்களை ஆணி அறைந்து மூடினார்.

"ஒரு நாளு எங்கிட்ட சொன்னாரு," என்றார் மதார் சாகிப். "நான் கட்டிக் கூட்டிட்டுப் போன டெல்பின் அடுப்படியில நிக்கிறவ இல்ல பாய்னு. வயசான காலத்துல மனுசனுக்குப் புத்தி பிசகிருச்சுன்னு நான் ஒண்ணும் கேட்டுக்கல."

சலோமி சும்மா சிரித்து வைத்தாள். ஜன்னல்களைப் பார்த்தாள். இரண்டு ஜன்னல். மரக்கதவுகளைச் சுற்றிலும் கம்பளித் துணியைக் கிழித்து இடுக்கு விடாமல் திணித்து, அதன் மேல் பட்டை அடித்து விரற்கடைக்கு ஒரு ஆணி வீதம் இறக்கியிருந்தது. கடல் காற்றுக்காக ஊரே ஜன்னலைத் திறந்து போட்டுக்கொண்டு படுக்கும். ஒரு மனிதன் உட்கார்ந்து இத்தனை ஆணி அடித்திருக்கிறான்.

முதல் வேலை உள்ளே இருக்கும் தண்ணீரை வடிப்பது. ரேடியேட்டரின் அடியிலிருந்து கிளம்பிய குழாய் சுவரைத் துளைத்து ஹால் பக்கம் ஒரு சாண் நீட்டிக்கொண்டு, எதனோடும் சேராமல், மூடி போட்டு நின்றது. அவள் ஹாலுக்குப் போய்ப் பைப் ரெஞ்ச் போட்டு மூடியைத் திருகி எடுத்தாள். ஒரு டம்ளர் தண்ணீர் வந்தது. துருச் சிவப்பு. அதுவும் வெதுவெதுப்பு. பிறகு நின்றுவிட்டது.

ஹாலில்தான் கரண்ட் இருந்தது. அங்கே சார்ஜில் கிடந்த போனை எடுத்து வில்சனிடம் கேட்டாள். மேலே ஒரு சின்னத் திருகாணி இருக்கும், அதையும் திறந்தால்தான் காற்று புகுந்து தண்ணீர் இறங்கும் என்றான். கொஞ்சம் தயங்கி, பார்த்துச் செய் என்றும் சொன்னான். அந்த ஒரு வார்த்தையே அவளுக்குப் போதுமாக இருந்தது. போனை மறுபடி சார்ஜில் போட்டுவிட்டு அறைக்கு வந்தாள்.

பன்னிரண்டேகாலுக்கு மதார் சாகிப் ஜும்மாவுக்குக் கிளம்பினார். தொழுகை முடிந்து சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்கு வருவதாகச் சொன்னார். நேற்று யாரோ உள்ளே புகுந்து ஒயரை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள், அதனால் வாசலை வெளியே பூட்டிக்கொண்டு போகிறேன், பயமில்லையே என்று கேட்டார். பட்டப்பகலில் என்ன பயம் என்றாள். பூட்டு விழும் சத்தமும், அவர் சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டும் சத்தமும் கேட்டு அடங்கின.

அவள் அறைக்கதவை ஹால் பக்கமாக அகலத் திறந்து, ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்து வைத்தாள். பெயின்டைக் கரைக்கும் ரிமூவர் வாடை அடைத்த அறையில் தலைக்கேறும். முதல் தூணில் ரிமூவரைத் தடவிவிட்டுக் காத்திருந்தாள். வெள்ளைப் பெயின்ட் பொரிந்து எழும்பியது. சுரண்டினால் கீழே பச்சை, பச்சைக்குக் கீழே பழுப்பு, பழுப்புக்குக் கீழே துளி துரு இல்லாத சாம்பல் இரும்பு. நல்ல வார்ப்பு. தூண் தூணாக அவள் நகர்ந்தாள். வியர்வை முதுகில் ஓடியது. தகடு இரும்பில் உரசும் சத்தம், தெருவில் தூரத்தில் போகும் ஐஸ் வண்டியின் மணி, தன் மூச்சு. இவை தவிர வேறு சத்தமில்லை. ஏழாவது தூணுக்கு வந்தபோது ஐஸ் வண்டியின் மணி நின்றுபோயிருந்ததைக் கவனித்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான், தகட்டின் உரசல் வழக்கத்தைவிட மெல்லியதாக, அடுத்த வீட்டில் யாரோ சுரண்டுவது போலக் கேட்பதையும் கவனித்தாள். காது அடைத்திருக்கிறது, வாடைதான் என்று எண்ணிக்கொண்டாள்.

பதினொன்றாவது தூணின் தலையில் திருகாணி இருந்தது. சின்ன ஸ்பேனரைப் போட்டு அரைச் சுற்று திருப்பினாள்.

ஸ்ஸ்ஸ் என்று காற்று வந்தது. முதலில் துரு வாடை. பிறகு நனைந்த கம்பளி வாடை. பிறகு, வெகுநாள் மூடிவைத்த அலமாரியைத் திறந்தால் வருமே, யாரோ போட்டிருந்த பவுடரும் வியர்வையும் கலந்து பழசான ஒரு வாடை. காற்று நிற்கவில்லை. ஒரு பானைக் காற்று, ஒரு அண்டாக் காற்று, இந்த இரும்புக்குள் இருக்க முடியாத அளவு காற்று வந்துகொண்டே இருந்தது. அதன் கடைசியில், வாய் உலர்ந்தவர்கள் பேசுவது போல, ஏதோ இரண்டு சொல் இருந்தது.

லா போர்த்.

கான்வென்டில் ஐந்தாம் வகுப்பு வரை படித்த பிரெஞ்சில் சலோமிக்கு மிஞ்சியிருந்தது பத்துச் சொல்கூட இல்லை. அந்தப் பத்தில் இது ஒன்று. கதவு.

காற்று நின்றது. பிறகு, திருகாணித் துளை உள்ளே இழுக்கத் தொடங்கியது.

சுரண்டிப் போட்ட பெயின்ட் பொருக்குகள் தரையில் நகர்ந்தன. அவள் நெற்றியில் ஒட்டியிருந்த முடி முன்னால் பறந்தது. பின்னால் செங்கல் சிமெண்டுத் தரையில் கரகரவென்று இழுபடும் சத்தம் கேட்டு அவள் திரும்புவதற்குள் கதவு அறைந்து மூடிக்கொண்டது.

எழுந்து ஓடிப்போய்த் தள்ளினாள். ஹால் பக்கம் திறக்கும் கதவு அது. அறைக் காற்று முழுவதும் இரும்பு வழியாக, மூடி கழற்றிய குழாயில், அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது; ஹாலின் காற்று கதவை இந்தப் பக்கம் அழுத்திப் பிடித்தது. தோளைக் கொடுத்து முட்டினாள். கதவு ஒரு இம்மி விலகி, மறுபடி ஒட்டிக்கொண்டது. ஒரு நிமிஷம் பொறுத்து இழுப்பு நின்றது. கதவு லேசாகத் தளர்ந்தது. அவள் பாய்வதற்குள் அடுத்த இழுப்பு ஆரம்பித்துவிட்டது.

இழுத்தது. நின்றது. இழுத்தது.

மூச்சு.

திருகாணியை மூடிவிட வேண்டியதுதான் என்று திரும்பி வந்தாள். ஸ்பேனரைப் போட்டாள். விரல்களில் உணர்வு இல்லை. அறை குளிர்ந்துபோயிருந்தது, சித்திரை மாதத்தில் தன் வாயிலிருந்து புகை மாதிரி ஆவி வருவதை அவள் பார்த்தாள். ஸ்பேனர் வழுக்கி விழுந்தது. தரையில் விழுந்த சத்தம் வரவில்லை. தலையில் கட்டியிருந்த துண்டை உருவித் துளையில் திணித்தாள். ஒரு பென்சில்கூடப் போகாத துளை அது. துண்டு நூல் நூலாகப் பிரிந்து, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கரை வரைக்கும் உள்ளே போயிற்று.

"பாய்!" என்று கத்தினாள்.

அவர் வருவதற்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. அது தெரிந்தும் கத்தினாள். இரண்டாவது முறை குரல் மெலிந்து வந்தது. மூன்றாவது முறை வாய் மட்டும் திறந்தது. தொண்டை அதிர்ந்தது, நெஞ்சிலிருந்து காற்று போனது, சத்தம் இல்லை. சட்டைக் கையும் சேலைத் தலைப்பும் இரும்புப் பக்கமாகவே பறந்துகொண்டிருந்தன.

அப்போது ஹாலில் யாரோ கூப்பிட்டார்கள்.

"பாய்."

அவள் குரல். கொஞ்சம் தள்ளி, குழாய்க்குள்ளிருந்து வருவது போல.

"பாய்," என்றது மறுபடி. இப்போது குழாய்க்குள்ளிருந்து இல்லை. ஹாலிலிருந்து. செருப்புக் கடையில் செருப்பைப் போட்டு நடந்து பார்ப்பது போல, மெதுவாக, அளவு பார்த்துச் சொன்னது.

சலோமி கதவிலிருந்து பின்வாங்கினாள். அந்தப் பக்கம் தரையில் ஈரக்கால் இழுபடும் ஓசை. சரக். சரக். நின்றது. மறுபடி. இரும்பின் ஒவ்வொரு இழுப்புக்கும் அது ஒரு அடி வைத்தது. இழுபடல் குறைந்து காலடியானது. காலடியில் இடது கால் கொஞ்சம் அழுத்தி விழுந்தது. அவள் நடை அது. பிள்ளைப்பேற்றின்போது வந்த இடுப்பு வலியிலிருந்து அப்படித்தான் நடக்கிறாள்.

போன் அடித்தது.

வில்சன். இந்த நேரத்துக்குச் சாப்பிட்டாயா என்று கேட்க எடுப்பான். அவள் சுரண்டித் தகட்டை எடுத்து ஜன்னலுக்கு ஓடினாள். கம்பளியைக் குத்திப் பிடுங்கினாள். கொத்துக் கொத்தாக வந்தது. ஆணிகள் அசையவில்லை. ரெஞ்சால் பட்டையை ஓங்கி அடித்தாள். ஓசை எழவில்லை. ஹாலில், எங்கோ, மரத்தில் இரும்பு மோதும் சத்தம் கேட்டது. மறுபடி அடித்தாள். மறுபடி அங்கே கேட்டது.

போன் நின்றது.

"சொல்லுங்க," என்றது அவள் குரல்.

சலோமியின் கையிலிருந்து ரெஞ்ச் நழுவியது.

"ம்... சாப்பிட்டேன். வேலை முடிஞ்சிருச்சுங்க." மறுமுனையில் வில்சன் ஏதோ கேட்டிருக்க வேண்டும். "இல்ல, ஒண்ணுமில்ல. குளுருது. ஆட்டோ புடிச்சு நீங்களே வந்து என்னைக் கூட்டிட்டுப் போங்களேன்."

பதினாறு வருஷத்தில் அவள் ஒரு நாளும் அவனிடம் அப்படிக் கேட்டதில்லை. அவன் வந்துவிடுவான். இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, வலியைக் கடித்துக்கொண்டு, அவள் கேட்டாள் என்பதற்காகவே வருவான். அது அவளுக்குத் தெரிந்தது.

அதற்கப்புறம் எவ்வளவு நேரம் போயிற்று என்று சொல்ல முடியாது. சார்ஜ் விளக்கு மங்கிக்கொண்டு வந்தது. கதவை நகத்தால் பிறாண்டினாள். நகம் பிய்ந்ததில் வலியில்லை. குளிரில் பற்கள் அடித்துக்கொண்டன. அந்தச் சத்தமும் இல்லை. அறையில் சூடாக இருந்தது அந்த இரும்பு மட்டும்தான். கால்கள் தாமாக அந்தப் பக்கம் போகப் பார்த்தன. கதவுக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சிலுவைராஜ் காதை வைத்துக் கேட்டது என்ன என்று இப்போது யோசிக்கக்கூடாது. யோசிக்கக்கூடாது. யாரிடம் பேசினார்.

வாசல் பூட்டு திறக்கும் சத்தம்.

மதார் சாகிப்பின் செருமல். கூடவே கைத்தடி தரையில் ஊன்றும் ஓசை. அவன்தான். சலோமி எழுந்து கதவில் இரண்டு கையாலும் அறைந்தாள். அறைந்துகொண்டே இருந்தாள். பஞ்சை அடிப்பது போலிருந்தது. இப்போது ஹாலிலும் அந்தச் சத்தம் எழவில்லை.

ஆட்டோ வாசலிலேயே நிற்கிறது, வண்டியைத் திருப்பச் சொல்கிறேன் என்று மதார் சாகிப் வெளியே போனார். வில்சன் கதவுக்கு மிக அருகே வந்தான். பெல்ட்டின் தோல் நெறிபடுவதுகூடக் கேட்டது. ஒற்றைப் பலகை. அதற்கு அந்தப் பக்கம் அவன்.

"நான் ஒரு தடவ பாக்கட்டுமா?"

"வேணாங்க," என்றது. "பெயின்ட் இன்னும் காயல. தெறந்தா தூசி ஒட்டிக்கும். ரெண்டு நாளைக்கு யாரும் தெறக்க வேணாம்னு பாய்கிட்ட சொல்லிருங்க."

வில்சன் சிரித்தான். ஏணியிலிருந்து விழுந்ததற்கப்புறம் சலோமி கேட்கும் முதல் சிரிப்பு.

"அதுவுஞ் சரிதான். எனக்கே தோணல பாரு. நல்லாத் தொழில் கத்துக்கிட்ட சலோமி."

அவள் மண்டியிட்டுச் சாவித் துவாரத்தில் கண்ணை வைத்தாள்.

ஹாலில் வாசல் வெளிச்சம் வெள்ளையாக அடித்தது. வில்சன் கைத்தடியை ஊன்றி, தரையைப் பார்த்து, ஒவ்வொரு அடியாக வைத்துத் திரும்பி நடந்துகொண்டிருந்தான். அவன் கையைத் தாங்கியபடி ஒருத்தி கூட நடந்தாள். முழுக்கைச் சட்டை. சலோமி கட்டியிருக்கும் அதே சேலை. தலைப்பைத் தலையோடு, முகம் மறைய இழுத்து, குளிருக்குப் போர்த்துவது போல, தோளைச் சுற்றி இறுக்கியிருந்தாள்.

நிலைப்படியில் வில்சன் குனிந்து கால் வைக்க இடம் பார்த்தான். அந்த நேரத்தில் கூட நடந்தவள் நின்று, முக்காட்டை விலக்கி, தோளுக்கு மேல் அறைக்கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

சலோமியின் மூக்கு. சலோமியின் உதடு. தாடையில் சலோமியின் மச்சம். கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தோல், ப்ரைமர் அடித்துக் காய்ந்த தகடு மாதிரி வழவழவென்று.

பின்னால் இரும்பு ஆழமாக மூச்சை இழுத்தது.

சாவித் துவாரத்தின் ஓரங்கள் கறுத்தன. வாசல் மறைந்தது. வில்சனின் முதுகு மறைந்தது. மிச்சமிருந்த ஒரு பொட்டு வெளிச்சத்தில் அந்த முகம் மட்டும் நின்றது. அதன் வழவழப்பில், மூக்குக்கு இரு பக்கமும், மெல்லிய கோடு ஒன்று கீறிக்கொண்டு போயிற்று. கோடு ஈரமானது. இமைகள் பிரிந்தன.